காலில் ஓடும் இரத்தம் எங்கே போகிறது? வில்லியம் ஹார்வியின் வாழ்க்கை

நம் வீட்டுப் பெரியவர்களின் கெண்டைக்காலில் நீல நிறத்தில் புடைத்து, முறுக்கிய கயிறு போல நெளிந்து கிடக்கும் நாளங்களைப் பார்த்திருப்பீர்கள். நரம்பு சுருட்டு என்று அதற்குப் பெயர். ஆனால் அது நரம்பே அல்ல. மூளையின் கட்டளையையும் உடலின் உணர்ச்சியையும் கடத்துவதுதான் நரம்பு. காலில் சுருண்டு நிற்பதோ, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். தமிழில் அதைச் சிரை என்கிறோம். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் உயிரியல் படித்தவர்களுக்கு அது வேனா. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி; மலாயில் ஆர்த்தெரி.

காலில் உள்ள சிரைக்கும் நெஞ்சில் உள்ள இதயத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு இன்று படிவம் 4 மாணவர்கூடப் பதில் எழுதிவிடுவார். சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு, அரசர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கே அது சரியாகத் தெரியாது. தெரியவைத்தவர் வில்லியம் ஹார்வி. பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் எனக்கு இவர் பெயர் பாடநூலில் ஒரே வரியாகத்தான் அறிமுகமானது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன். காரணம், அவர் கண்டறிந்தது இன்றும் நம் வீடுகளில் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடியது.

கடலோர ஊரிலிருந்து பாதுவாவுக்கு

ஹார்வி 1578 ஏப்ரல் 1ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள போக்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தாமஸ் ஹார்வி வணிகம் செய்து முன்னேறியவர்; ஊரின் மேயராகவும் இருந்தவர். பிள்ளைகளில் மூத்தவரான வில்லியம், கேன்டர்பரியில் பள்ளிப் படிப்பை முடித்து, 1593இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1597இல் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

மருத்துவம் படிக்க அந்தக் காலத்தில் பலர் இத்தாலிக்குப் போனார்கள். பாதுவா பல்கலைக்கழகம் ஐரோப்பாவிலேயே பெயர்பெற்றது. ஹார்வி அங்கே படித்தபோது, அதே பல்கலைக்கழகத்தில் கலிலியோ கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். உடற்கூற்றியல் ஆசிரியர் பப்ரிசியஸ். உடல்களை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்துவதற்கென்றே அங்கு ஓர் அரங்கம் கட்டப்பட்டிருந்தது. நீள்வட்ட வடிவில், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்குகள். மாணவர்கள் நெருக்கியடித்து நின்றபடி, நடுவில் மேசையில் கிடக்கும் உடலைக் குனிந்து பார்ப்பார்கள்.

அந்த அரங்கில்தான் ஹார்வியின் வாழ்க்கையைத் திருப்பிய பொருள் அவர் கண்ணில் பட்டது. சிரைகளின் உள்ளே, சிறு கதவுகள் போல, மெல்லிய வால்வுகள் இருப்பதைப் பப்ரிசியஸ் காட்டினார். 1603இல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஆனால் அவை எதற்காக இருக்கின்றன என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் வேறு. இரத்தம் மொத்தமாகக் கைகால்களுக்கு ஓடிப்போய்த் தேங்கிவிடாமல், அதன் வேகத்தைக் குறைப்பதற்காக அவை இருக்கின்றன என்று அவர் நினைத்தார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேலன் என்ற மருத்துவரின் கருத்தைத்தான் ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக எல்லாரும் நம்பி வந்தார்கள். நாம் உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது. அது சிரைகள் வழியாக உடல் முழுதும் போகிறது. வாய்க்காலில் வந்த தண்ணீரை வயல் உறிஞ்சிக்கொள்வது போல, போன இடத்திலேயே செலவாகிவிடுகிறது. இதுதான் கேலனின் பாடம். போன இரத்தம் திரும்பி வரும் என்ற பேச்சே அதில் இல்லை. இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரல் வழியாக இடப்பக்கம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இப்னு அல் நபீஸ் எழுதியிருந்தார். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் சிலரும் அதைச் சொன்னார்கள். ஆனால் முழு உடலின் வட்டத்தை யாரும் விளக்கவில்லை.

கணக்குப் போட்ட மருத்துவர்

1602இல் பாதுவாவில் மருத்துவப் பட்டம் பெற்று ஹார்வி லண்டன் திரும்பினார். 1604இல் எலிசபெத் பிரவுனை மணந்தார். மாமனாரும் அரண்மனை மருத்துவர். இத்தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. 1609இல் ஏழைகளுக்காக நடத்தப்பட்ட புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் ஹார்வி மருத்துவரானார். 1616 முதல் மருத்துவர் கழகத்தில் உடற்கூற்றியல் விரிவுரைகள் நடத்தினார். 1618இல் அரசர் முதலாம் ஜேம்ஸின் மருத்துவர்களில் ஒருவரானார்; பின்னர் முதலாம் சார்லஸுக்கும் மருத்துவரானார்.

பகலில் நோயாளிகள், மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. தவளை, மீன், பாம்பு, நாய் என்று பல உயிரினங்களின் இதயத்தை அவர் பார்த்தார். வேகமாகத் துடிக்கும் இதயத்தில் எது முன், எது பின் என்று கண்டுபிடிப்பது கடினம். ஆகவே மெதுவாகத் துடிக்கும் குளிர் இரத்த விலங்குகளின் இதயத்தைத் தேர்ந்தெடுத்தார். இதயம் சுருங்கும்போதுதான் வேலை செய்கிறது, அப்போதுதான் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது அவருக்கு உறுதியானது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றும்? வேண்டுமென்றே மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. பெருக்கிப் பார்த்தால், உடலில் இருக்கும் மொத்த இரத்தத்தைவிட அதிகமாக வந்தது. இன்றைய அளவில் சொன்னால், ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 70 துடிப்பு. ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். அவ்வளவு இரத்தத்தை உணவிலிருந்து உண்டாக்க எந்தக் கல்லீரலாலும் முடியாது. எனவே அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அப்படியானால் அது திரும்பி வரும் பாதை எது?

அங்கேதான் பாதுவாவில் பார்த்த வால்வுகள் கைகொடுத்தன. ஒருவரின் மேற்கையில் துணியால் இறுகக் கட்டினார். உள்ளங்கை குளிர்ந்தது, நாடித் துடிப்பு நின்றது. கட்டைச் சற்றுத் தளர்த்தினார். ஆழத்தில் உள்ள தமனி திறந்து கைக்கு இரத்தம் வந்தது, ஆனால் மேலே உள்ள சிரைகள் இன்னும் அடைபட்டிருந்ததால் அவை புடைத்தன. புடைத்த சிரையில் ஆங்காங்கே முடிச்சு போலத் தெரிந்தவை வால்வுகள். விரலால் இரத்தத்தை விரல் நுனிப் பக்கம் தள்ளிப் பார்த்தார், போகவில்லை. இதயத்தின் பக்கம் தள்ளினால் எளிதாகப் போனது. சிரைகளின் கதவுகள் எல்லாம் ஒரே திசையில், இதயத்தை நோக்கியே திறக்கின்றன. ஆசிரியர் பார்த்த அதே வால்வைத்தான் மாணவரும் பார்த்தார். ஆனால் அதன் வேலையைச் சோதித்துப் பார்த்தவர் மாணவர்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். கையைத் தொங்கவிட்டு, புறங்கையிலோ முன்கையிலோ தெரியும் ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக நீவிவிடுங்கள். அந்தப் பகுதி வெறுமையாகவே இருக்கும். அழுத்திய விரலை எடுத்தால், கீழிருந்து இரத்தம் வந்து நிரப்பும்.

72 பக்க நூலும் குறைந்த நோயாளிகளும்

1628இல், தம் 50ஆவது வயதில், ஹார்வி இதயத்தின் இயக்கம் பற்றிய நூலை லத்தீன் மொழியில் எழுதி ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் வெளியிட்டார். 72 பக்கம்தான். விரிவுரைகள் தொடங்கி 12 ஆண்டுகள் கழித்துத்தான் நூல் வந்தது. அவசரப்படாமல், பிறர் எழுப்பக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் சோதனையால் விடை தேடினார்.

பாராட்டு உடனே வரவில்லை. 1630இல் பிரிம்ரோஸ் என்ற மருத்துவர் மறுப்பு நூல் எழுதினார். பாரிஸின் புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் ரியோலான் ஏற்கவில்லை. பழக்கமான பாடத்தை மாற்றிச் சொல்பவர் மூளை குழம்பியவர் என்று பொதுமக்களும் பேசினார்கள். நூல் வெளிவந்த பிறகு அவரைத் தேடிவரும் நோயாளிகள் பெரிதும் குறைந்துபோனதாக, அவரை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637இல் இரத்த ஓட்டத்தை ஆதரித்தார். ஆனால் இதயம் எப்படித் துடிக்கிறது என்பதில் அவரும் ஹார்வியுடன் முரண்பட்டார். ஹார்வி பல ஆண்டுகள் அமைதியாக இருந்து, 1649இல்தான் ரியோலானுக்குப் பதில் எழுதினார்.

இடையில் ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. அயர்லாந்தைச் சேர்ந்த மோன்ட்கோமரி என்ற பிரபுவின் மகன், சிறுவயதில் விழுந்து விலா எலும்பு உடைந்து, சீழ்பிடித்து, ஆறிய பிறகும் மார்பில் ஒரு துளையுடன் வாழ்ந்து வந்தார். ஹார்வி அதில் விரலை நுழைத்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு கையால் நாடியைப் பிடித்து, இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டார். அரசரையும் தொட்டுப் பார்க்கச் செய்தார்.

ஒரே வட்டம், இரண்டு நோய்கள்

ஹார்வி சொன்ன வட்டத்தைப் புரிந்துகொண்டால் இன்றைய இரண்டு நோய்களின் உறவு எளிதில் விளங்கும். நாம் நிற்கும்போது காலில் உள்ள இரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரையைப் பிழிந்து இரத்தத்தை ஏற்றுகிறது. வால்வுகள் அதைக் கீழே இறங்காமல் தடுக்கின்றன. வயது, பரம்பரை, கர்ப்பம், உடல் பருமன், நாள் முழுதும் நின்றுகொண்டே செய்யும் வேலை ஆகியவை சிரையைத் தளர்த்தலாம். வால்வுகள் சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழே தேங்கும். சிரை சுருண்டு புடைக்கும். மாலையில் கால் வீங்கும். கணுக்காலில் தோல் கறுக்கும். சிலருக்கு ஆறாத புண் வரும். இதுதான் நாள்பட்ட சிரை நோய். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் 12 மணி நேர வேலை நேரம் முழுவதும் நிற்பவர்களுக்கும் உணவுக்கடைகளில் நிற்பவர்களுக்கும் இது புதிதல்ல.

இன்னொன்று இதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டால் இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும், அப்படி அல்ல. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் சரியாக அனுப்ப முடியாத நிலைதான் அது. முன்னே போகாத இரத்தம் பின்னே தேங்கும். சிரைகளில் அழுத்தம் கூடும். நீர் கசிந்து கால் வீங்கும்.

ஜொகூர்காரர்களுக்கு ஓர் உதாரணம் போதும். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை மையம் மெதுவாக இயங்கினால், வாகன வரிசை ஜொகூர் பாரு சாலைகள் வரை நீளும். சோதனை மையம் நன்றாக இயங்கி, சாலை பழுதானாலும் அதே நெரிசல்தான். அடுக்குமாடியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கால் வீக்கமும் அப்படித்தான். கோளாறு சாலையிலா, சோதனை மையத்திலா, அதாவது சிரையிலா, இதயத்திலா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒன்று மற்றொன்றை மோசமாக்கவும் கூடும். இதயம் பலவீனமானால் சிரையின் அழுத்தம் கூடி, ஏற்கெனவே தளர்ந்த வால்வுகளுக்குச் சுமை ஏறும். ஆழமான சிரையில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால், இதயத்தின் வலப்பக்கம் திடீரெனத் திணறும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 12,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, நாள்பட்ட சிரைக் கோளாறு உள்ளவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நோய்களும் அதிகமாகக் காணப்படுவதாகக் காட்டியது. சிரை நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளல்ல. வயது, பருமன், இரத்த அழுத்தம் போன்றவை இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால் காலைப் பார்க்கும் மருத்துவர் இதயத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

என் பாட்டி இதற்கு எடுத்துக்காட்டு. குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் சீவியவர். காலில் நரம்பு சுருட்டு எங்களுக்கெல்லாம் பழகிப்போன ஒன்று. மாலையில் வீங்கும், காலையில் வடியும். பிறகு காலையிலும் வடியாமல் நின்றது. நரம்பு சுருட்டுதானே என்று பாட்டி தைலம் தேய்த்துக்கொண்டார். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவர் கேட்டது காலைப் பற்றி அல்ல. இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், பாட்டி, என்றுதான். மூன்று. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். சிரை நோயும் இருந்தது, இதயமும் பலவீனமாகியிருந்தது. இப்போது மருந்து சாப்பிடுகிறார். தினமும் காலையில் எடை பார்க்கிறார். ஏனென்றால், இரண்டு மூன்று நாளில் எடை கிடுகிடுவென ஏறினால் அது சதையல்ல, உடலில் தேங்கும் நீர்.

போரும் முதுமையும்

1642இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஹார்வி அரசருடன் போனார். எட்ஜ்ஹில் போரின்போது இளவரசர்கள் இருவரும் அவர் பொறுப்பில் விடப்பட்டதாகவும், வேலியோரம் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த அவர், பக்கத்தில் பீரங்கிக் குண்டு விழுந்த பிறகே இடம் மாறியதாகவும் ஆப்ரி சொல்கிறார். லண்டனில் அவர் இருப்பிடம் சூறையாடப்பட்டு, பூச்சிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சேர்த்த குறிப்புகள் அழிந்தன. வாழ்க்கையில் தமக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பாக அவர் அதையே கருதினார். 1645இல் ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியின் தலைவரானார். அடுத்த ஆண்டே நகரம் எதிர்த்தரப்பிடம் வீழ்ந்ததால் அதையும் இழந்து லண்டன் திரும்பினார்.

முதுமையில் கீல்வாதம் அவர் கால்களை வாட்டியது. உறைபனிக் காலத்திலும் கால்களைக் குளிர்ந்த நீர் வாளியில் விறைத்துப்போகும்வரை வைத்திருப்பாராம். 1651இல் விலங்குகளின் கருவளர்ச்சி பற்றி இன்னொரு பெரிய நூல் வெளியிட்டார். 1654இல் மருத்துவர் கழகத் தலைவர் பதவி தேடி வந்தது. வயதைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். அதற்குள் இரத்த ஓட்டம் பெருமளவு ஏற்கப்பட்டிருந்தது. தம் கண்டுபிடிப்பு வெற்றி பெற்றதை வாழும்போதே பார்த்தவர் என்ற பேறு அவருக்கு வாய்த்தது. 1657 ஜூன் 3ஆம் தேதி, பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, 79ஆவது வயதில் காலமானார்.

அவர் வட்டத்தில் ஓர் இடைவெளி மட்டும் இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. வழி இருந்தே ஆக வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தார். அவர் இறந்து 4 ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியின் மால்பிகி நுண்ணோக்கி வழியாகத் தவளையின் நுரையீரலைப் பார்த்து, மயிரிழையிலும் மெல்லிய நுண்குழாய்களைக் கண்டார். வட்டம் முழுமையானது.

ஹார்வியின் கண்டுபிடிப்பு அவர் காலத்து நோயாளிகளுக்கு உடனே பெரிய பலன் தரவில்லை. நோய்க்கு இரத்தத்தை வெளியேற்றும் பழைய வைத்தியம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. ஹார்வியும் அதைக் கைவிடவில்லை. பலன் நம் காலத்துக்குத்தான் முழுமையாக வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

இந்த வாரம் வீட்டில் தாத்தா பாட்டியின் காலைப் பாருங்கள். முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் மெதுவாக அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறதா, சில படிகள் ஏறினாலே இளைக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999ஐ அழையுங்கள். கால் வீக்கத்துக்கான இறுக்கக் காலுறையை மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போடவேண்டாம். இதயம் மிகவும் பலவீனமாக இருந்தாலோ தமனியில் அடைப்பு இருந்தாலோ அது தீங்காகலாம். அப்படியே, அந்த நாளங்களுக்கு நரம்பு என்று பெயரல்ல, அவை இதயத்துக்குப் போகும் பாதை என்றும் சொல்லிவையுங்கள்.